உழைப்பை ஒப்புக்கொடுத்தல்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்றாட உழைப்பை இறைவனுக்குக் காணிக்கையாக்குதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குப் பணித்துள்ளனர். கத்தோலிக்க வழக்கில் இதனை ஒப்புக்கொடுத்தல் என்பர். இங்கே குழுமியுள்ளோர் அனைவரும் கத்தோலிக்கர் அல்லர் என்பதை அறிவேன். பிற சபையினர் இருக்கின்றீர்கள். இந்துக்களும் அண்ணல் அம்பேத்கர் வழி பௌத்தம் தழுவியோரும் இருக்கின்றீர்கள். ஆயினும் உழைப்பு நம் அனைவருக்கும் பொது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மீன் ஏலக் கூடத்திலும் தெருவிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆகவே பேச இசைந்தேன்.

இப்பொருள் அறிவிக்கப்பட்டதும் நம் இளைஞர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஐயா, ஒப்புக்கொடு, ஒப்புக்கொடு என்று சொல்லித்தானே நம்மை வாய்மூடி வேலை செய்ய வைத்தார்கள். அதையே நீங்களும் சொல்லப் போகிறீர்களா?” நியாயமான வினா. நான் இன்று பேசப் புகுவதெல்லாம் அதற்கு விடையே.

முதலில் நம் வட்டாரத்துக் கோவிலைப் பற்றிச் சிறிது. இராயப்பர் பெயரால் எழுந்ததே இராயபுரம். அங்குள்ள இராயப்பர் ஆலயத்தை 1829-ஆம் ஆண்டில் கட்டியவர்கள் குருகுல வம்சத்துப் படகுத் தொழிலாளர்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் கரை சேர மசூலாப் படகே வழி. பலகைகளை ஆணி அடித்துப் பொருத்தாமல் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்த படகு. ஆணி அடித்த படகு நம் கடலின் அலையில் பிளந்துபோகும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுக்கும். பெரிய துரைமார்கள் கூட இவர்களின் துடுப்பை நம்பித்தான் சென்னை மண்ணில் கால் வைத்தார்கள். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர், 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கப்பல் கரையோரம் வந்து நிற்கத் தொடங்கியதும் படகுத் தொழில் நலிந்தது. ஆலயம் நிற்கிறது.

அந்தப் படகுத் தொழிலாளர் நம் இனத்தவர் அல்லர். எனினும் அவர்கள் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூலி முதலில் அவர்கள் கைக்கு வந்தது. பின்னர் அதிலிருந்து அவர்களே மனமுவந்து எடுத்து வைத்தார்கள். எவனும் அவர்களிடமிருந்து பறித்துக் கோவிலுக்குக் கொடுக்கவில்லை. காணிக்கை என்னும் சொல்லுக்கே இதுதான் அடிப்படை. தன்னுடையதாக இருப்பதைத்தான் ஒருவன் கொடுக்க முடியும். இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நாள்தோறும் காலையில் அன்றைய செபம், வேலை, இன்பம், துன்பம் அனைத்தையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது செப அப்போஸ்தலத்துவ சபையால். அச்சபை தோன்றிய வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. பிரான்சு நாட்டில் வால்ஸ் என்னும் ஊரில் இயேசு சபை மாணவர்கள் குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மதுரை மிசனிலிருந்து வந்த செய்திகள் அவர்கள் மனத்தைக் கவர்ந்தன. உடனே கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிடவேண்டும் என்ற துடிப்பில் கையிலிருந்த பாடம் கசந்துபோயிற்று. 1844 டிசம்பர் 3-ஆம் நாள், புனித சவேரியார் திருநாளன்று, அவர்களின் ஆன்ம குருவான கோத்ரலே அடிகளார் அவர்களுக்கு அறிவுரை கூறினார். இன்று உங்களுக்குரிய பணி படிப்பு. அந்தப் படிப்பையும் அதன் சலிப்பையும் நாள்தோறும் இறைவனுக்கு ஒப்புக்கொடுங்கள். அதுவே மிசனுக்கு நீங்கள் செய்யும் உதவி என்பதே அதன் கருத்து. ஆக, இந்தப் பக்தி முயற்சி முதன்முதல் சொல்லப்பட்டது மாணவர்களுக்கு. ஒப்புக்கொடுக்கச் சொன்னது படிப்பை. கல்விச் சங்கம் ஒன்றின் விழாவில் இதைச் சொல்லாமல் விடலாமா?

அதற்கும் இரு நூற்றாண்டு முன்னர், பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்சு என்பவர் இருந்தார். போர்வீரராக இருந்து காயமுற்றவர். படிப்பு அதிகம் இல்லை. மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையற்கட்டு. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. இருந்தும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே, கோவிலில் முழந்தாளிட்டிருப்பது போன்ற அமைதியோடு இறைவனை நினைத்திருக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கால் நோயால் நிற்க முடியாதபோது மடத்தாரின் செருப்புகளைத் தைக்கும் வேலை கிடைத்தது. அந்தச் செருப்புத் தைப்பவரிடம் அறிவுரை கேட்கப் படித்தவர்களும் வந்தார்கள்.

இளைஞர்களே, இங்கேதான் சற்று நின்று பார்க்கவேண்டும். செருப்புத் தைத்தவர் அங்கே ஆன்ம குருவானார். நம் நாட்டில் அதே வேலையைச் செய்தவனைக் கோவில் தெருவில் நடக்கவும் விடவில்லை. வேலை ஒன்றே, வேறுபாடு எங்கே இருக்கிறது? லாரன்சு அந்த மடத்துக்குத் தாமே விரும்பி வந்தவர். அவருடைய தந்தை செருப்புத் தைத்ததனால் அவரும் தைக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. நமக்கோ, வேலை பிறப்போடு ஒட்டி வந்தது. 1936-இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர், சாதி வெறும் வேலைப் பங்கீடுதான் என்று நியாயம் கற்பித்தவர்களை மறுத்தார். அது வேலை செய்யும் மனிதர்களையே கூறுபோட்டு மேலும் கீழுமாக அடுக்கி வைக்கும் ஏற்பாடு என்று நிறுவினார். அந்த அடுக்கின் அடியில் கிடப்பவனிடம் சென்று, ‘உன் தொழில் புனிதமானது, அதிலேயே இரு’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. அவ்வளவு புனிதமானால் அவர் பிள்ளைக்கு அதில் பங்கு கேட்டிருக்கவேண்டும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். யாத்திராகமத்தில் இசுரவேல் மக்கள் எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுக்கிறார்கள். மோயீசன் பாரவோனிடம் சென்று முதலில் கேட்டது என்ன? பாலைவனத்தில் மூன்று நாள் பயணம் சென்று எங்கள் ஆண்டவருக்குப் பலியிட விடுப்புத் தாரும் என்பதே. பாரவோன் என்ன செய்தான்? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் பலி, வழிபாடு என்று பேசுகிறார்கள் என்றான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். ஆனால் செங்கல் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு சிக்கிக்கொண்டவர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த அதிகாரம் புதிதாகவே இராது. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது; சட்டம் வந்து பல்லாண்டு கடந்தும் சூளைகளிலிருந்து மக்களை மீட்டு வருகிறார்கள்.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது இது. அந்தச் செங்கற்களையே எனக்குக் காணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இறைவன் சொல்லவில்லை. எகிப்திலேயே இருந்து பொறுமையாக அறுங்கள், அதுவே எனக்குப் பலி என்றும் சொல்லவில்லை. பலியிட அவர்கள் வெளியே வரவேண்டியிருந்தது. அடிமையின் உழைப்பு அடிமையுடையதே அன்று, அது பாரவோனுடையது. பாரவோனுடைய பொருளை எடுத்து இறைவனுக்கு எப்படிக் கொடுப்பது? கொடுக்கக்கூடியவனாக மனிதனை முதலில் ஆக்குகிறார். பிறகுதான் பலி கேட்கிறார்.

அப்படியானால் இன்னும் எகிப்தில் இருப்பவனின் நிலை என்ன? விடியற்காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தோடு தெருவில் நிற்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியான தாய் ஒப்புக்கொடுக்கும் செபம் செல்லாதா? வேறு வேலைக்குப் போக வழியில்லாதவள் அவள். அவள் செபம் நம் எல்லோருடைய செபத்துக்கும் முன்னே செல்லும் என்றே நான் நம்புகிறேன். அதே யாத்திராகமத்தில், அம்மக்கள் அடிமைத்தனத்தில் பெருமூச்செறிந்து முறையிட்டார்கள் என்றும், அந்த முறையீடு இறைவனிடம் ஏறிச் சென்றது என்றும் படிக்கிறோம். அவர்கள் சூட்டிக் கொடுத்த செபம் எதுவும் அங்கே இல்லை. வலியின் குரலே செபமாயிற்று. அந்தச் செபத்துக்கு வந்த மறுமொழி ஆறுதல் வார்த்தை அன்று; மோயீசனே மறுமொழியாக வந்தான்.

ஆதலால் அந்த இளைஞருக்கு என் விடை இதுதான். காலையில் ஒப்புக்கொடுப்பது முழு நாளையும். சுமந்த மூட்டையும் இழுத்த வலையும் அந்த நாளில் அடங்கும். குறைத்துக் கொடுத்த கூலிக்காகக் கங்காணியிடம் கேட்ட கேள்வியும் அந்த நாளில் அடங்கும். தொழிலாளர் நல அலுவலகத்துக்கு எழுதிய மனுவும், சங்கக் கூட்டத்துக்கு நடந்த நடையும் அடங்கும். இவற்றைத் தவிர்த்துவிட்டுப் பொறுமையை மட்டும் ஒப்புக்கொடுக்கச் சொல்பவர் நாளில் பாதியைத் திருடிக்கொள்கிறார்.

இது என் சொந்தச் சரக்கு என்று எண்ணவேண்டா. சீராக்கின் ஞான நூல் 34-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அநீதியாய்ச் சேர்த்ததிலிருந்து தரும் பலியை இறைவன் ஏற்பதில்லை. ஏழைகளின் பொருளைப் பறித்துப் பலியிடுவது தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு ஒப்பு. கூலியைப் பிடித்துக்கொள்பவன் இரத்தம் சிந்துபவன் என்ற கருத்துகள் அங்கே உள்ளன. 1514-ஆம் ஆண்டில் கியூபாத் தீவில் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியக் குரு பெந்தேகோஸ்தே திருநாளுக்குப் பிரசங்கம் தயாரிக்க இப்பகுதியை எடுத்தார். அவரும் அத்தீவின் பழங்குடி மக்களை வேலைக்கு ஒதுக்கிப் பெற்றிருந்தவரே. படித்தவர் மேலே செல்ல முடியாமல் நின்றுவிட்டார். தமக்கு ஒதுக்கப்பட்டவர்களை விடுவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் அதனைப் பிரசங்கத்திலேயே அறிவித்தார். பின்னர் நெடுங்காலம் அம்மக்களுக்காக அரசவை வரை வழக்காடினார். இதில் ஒன்று கவனியுங்கள்: ஒப்புக்கொடுத்தலைப் பற்றிய வேத வசனம் இங்கே உழைப்பவனை நோக்கிப் பேசவில்லை, உழைப்பை வாங்குபவனை நோக்கிப் பேசுகிறது. நம் கோவில்களில் இந்தப் பாதி அதிகம் ஒலிப்பதில்லை.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதன்று. 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நிருபம் நியாயக் கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், பொதுநிலையினரின் அன்றாட உழைப்பும் ஓய்வும் குடும்ப வாழ்வும் திருப்பலியில் ஆண்டவரின் உடலோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கப்படுகின்றன என்று கூறிற்று. இன்று பூசையில் அப்பத்தை உயர்த்தும் குரு, அது நிலம் தந்தது என்பதோடு மனிதர் உழைத்து ஆக்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பலர் இதைக் காதில் வாங்குவதில்லை. அடுத்த ஞாயிறு கவனித்துக் கேளுங்கள்.

மே முதல் நாளைச் சூசையப்பர் என்னும் தொழிலாளரின் திருநாளாக 12-ஆம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1923 மே முதல் நாளில், நம் சென்னைக் கடற்கரையில் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிவிட்டார். உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். திருச்சபை பின்னால் வந்தது என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வந்தது என்பதே மகிழ்ச்சி. செபமும் சங்கமும் சேராது என்போர் சக்கரை செட்டியாரை நினைக்கட்டும். கிறிஸ்தவ இறையியல் நூல்கள் எழுதிய அவரே சென்னைத் தொழிற்சங்கங்களில் முன்னின்றார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். 1941-இல் சென்னை மேயருமானார். பெல்ஜியத்து கார்டைன் அடிகளாரோ, உழைத்துத் தேய்ந்த தம் தந்தையின் மரணப் படுக்கையருகே 1903-இல் எடுத்த உறுதியின்படி, 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை அமைத்தார். கண்டறிதல், சீர்தூக்குதல், செயலாற்றுதல் என்பது அவ்வியக்கத்தின் முறை.

சங்கம் சாதியைத் தானாகவே ஒழித்துவிடும் என்றும் நினைக்கவேண்டா. 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைப் போராட்டத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவருக்கும் ஏற்பட்ட பிளவு புளியந்தோப்பில் இரத்தக் களரியாக முடிந்தது. அதை நம் பெரியோர் மறக்கவில்லை.

1981-ஆம் ஆண்டில் உழைப்பைப் பற்றித் தனி நிருபம் எழுதிய 2-ஆம் அருள் சின்னப்பர், இளமையில் போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரில் கல்குவாரியிலும் பின் சால்வே இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். மனிதனுக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதன் இல்லை என்பதே அந்நிருபத்தின் உள்ளீடு. எண்ணூரில் இரசாயனத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பேச்சாகத் தோன்றாது.

எண்ணூர் என்றதும் வேறொன்றும் சொல்லத் தோன்றுகிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் இராயபுரத்துக் கொடிகளில் உலர்த்திய துணியெல்லாம் கருத்தது. உயர்நீதிமன்ற ஆணையால் 2011 அக்டோபரில் அது நின்றது. கரி எண்ணூருக்குப் போயிற்று, தூசியும் உடன் சென்றது. 2017 சனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, அதனை வாளிகளில் அள்ளியவர்கள் மனிதர்கள். வெயில், அலை, இயல்பான களைப்பு ஆகியவற்றை ஒருவன் ஒப்புக்கொடுக்கலாம். முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுக்கும் செலவை ஒருவர் மிச்சம் பிடித்ததனால் வந்த நோயை, ஒப்புக்கொடுக்கவேண்டிய சிலுவை என்று சொல்வது தெய்வ நிந்தனை. கழிவுநீர்க் குழியில் மனிதனை இறக்குவது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் ஓயவில்லை. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் தடுத்த வேலைக்கு எந்தப் பக்தியும் அனுமதிச் சீட்டு ஆகாது.

என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தோளில் துண்டை மடித்துப் போடுமுன் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார். அவ்வளவே அவர் செபம். அவர் பிறந்த கிராமத்தில், ஊர்ப் பெயர் வேண்டா, நம் மக்களுக்குத் தனிக் கல்லறை. நற்கருணை வாங்குவதிலும் நாம் கடைசி. அதனால்தான் அவர் பட்டணத்துக்கு வந்தார். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவனானால் நீ தாழ்த்தப்பட்டவன் அல்லன் என்று சலுகையை மறுத்தது. ஊர்க் கல்லறையோ, கிறிஸ்தவனானாலும் நீ தாழ்த்தப்பட்டவனே என்று சுவர் எழுப்பிற்று. இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவன் நம் ஆள். காணிக்கை செலுத்த வருகையில் உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்துகொள் என்பது இயேசு பெருமானின் கட்டளை. மனத்தாங்கல் உடையவன் திரும்பிப் போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதற்குக் காரணமானவன் போகவேண்டும் என்றார். தமிழக ஆயர்களிடம் 2003 நவம்பரில் பேசுகையில் 2-ஆம் அருள் சின்னப்பர் சாதிப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவையும் 2016-இல் தலித் மக்கள் பற்றிய கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்களில் நாம்தான் கேட்கவேண்டும்.

கடைசியாக, எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு. அச்சிட்ட செபம் தேவையில்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் தாய் கத்தியைக் கையில் எடுக்கும்போது, ‘ஆண்டவரே, இந்த நாள் உமக்கு’ என்று நினைத்தால் போதும். பிறகு வேலையைச் செம்மையாகச் செய்க. எடையில் ஏமாற்றும் தராசையும், குடித்துவிட்டு ஓட்டும் பாரவண்டியையும் ஒப்புக்கொடுக்க முடியாது. கங்காணிக்குச் சொல்லும் நீதி நமக்கும் உண்டு. மாணவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது வால்ஸ் நகரத்து மாணவர்களை நினைத்துக்கொள்ளட்டும். வீட்டில் மனைவியின் உழைப்பைக் கூலியற்ற வேலையாக வாங்கிக்கொண்டு கோவிலில் முன் வரிசையில் நிற்கும் ஆண்கள் சீராக்கின் 34-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

வரும் மே முதல் நாள் காலையில் கருவிகளை மந்திரிக்கக் கோவிலுக்குச் செல்வோர் செல்க. அன்று மாலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நானும் ஆசிரியர் இருவரும் அமர்ந்திருப்போம். ஒப்பந்தத்தில் வேலை செய்வோர் கூலிச் சீட்டு, சேமநலநிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பிடித்தம் செய்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். சீட்டே கொடுக்கப்படாதவர்களும் வரலாம். வேலை செய்த நாட்களை ஒரு தாளில் குறித்து வந்தால் போதும்.